வேக்குவம் கிளீனர் வாங்கப் போகிறேன்: வாட், பாஸ்கல், ஹெப்பா இவற்றில் எதை நம்புவது?

நிலாவின் அம்மா, வேளச்சேரி

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு எட்டு வயது. ஐப்பசி மழை தொடங்கினால் தை வரைக்கும் இளைப்பு விட்டு விட்டு வருகிறது. ஒவ்வாமைப் பரிசோதனை செய்ததில், வீட்டுத் தூசியில் வாழும் தூசி உண்ணிதான் முதல் காரணம் என்று தெரிந்தது. உலர்ந்த துடைப்பத்தால் பெருக்க வேண்டாம், மெத்தையையும் சோபாவையும் வாரம் ஒருமுறை வேக்குவம் கிளீனரால் சுத்தம் செய்யுங்கள் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்.

நேற்றுக் கடைக்குப் போனேன். மூன்று இயந்திரங்களைக் காட்டினார்கள். ஒன்று தரையில் சக்கரம் வைத்து இழுத்துச் செல்லும் வகை; பெட்டியில் 2000 வாட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. இரண்டாவது பேட்டரியில் ஓடும் கைத்தடி வகை, 25,000 பாஸ்கல். மூன்றாவது ரோபோ, 8,000 பாஸ்கல். மூன்றிலும் ஹெப்பா (நுண்தூசியைப் பிடிக்கும் வடிகட்டி) என்று எழுதியிருக்கிறது. விற்பனையாளர் முதல் இயந்திரத்தின் குழாய் முனையில் கனமான இரும்புக் குண்டு ஒன்றை ஒட்டவைத்துத் தூக்கியே காட்டினார். அசந்து போனேன். ஆனாலும் மனம் ஒப்பவில்லை, திரும்பி வந்துவிட்டேன்.

வாட்டையும் பாஸ்கலையும் எப்படி ஒப்பிடுவது? எங்கள் வீட்டில் கம்பளம் கிடையாது, முழுக்க டைல்ஸ் தரை. இரண்டு இலவம்பஞ்சு மெத்தைகள், ஒரு துணி சோபா, திரைச்சீலைகள். செலவழிக்கக்கூடிய தொகை 15,000 ரூபாய்.

மோட்டார் பட்டறை, கோவை

அம்மா, வாங்காமல் திரும்பி வந்தது நல்ல காரியம். இருபத்திரண்டு வருடமாக மோட்டார் காயில் கட்டுகிறேன். மிக்சி, கிரைண்டர், வேக்குவம் கிளீனர் மூன்றும் என் மேசைக்கு வராத வாரம் இல்லை. அதை வைத்துச் சொல்கிறேன்.

வாட் என்பது அந்த இயந்திரம் சுவரிலிருந்து எடுத்துக்கொள்ளும் மின்சாரம். அவ்வளவுதான். ஒருவன் எத்தனை தட்டுச் சோறு தின்கிறான் என்பதை வைத்து அவன் எத்தனை மூட்டை தூக்குவான் என்று சொல்ல முடியுமா? ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 செப்டம்பர் முதல் 1600 வாட்டுக்கு மேற்பட்ட வீட்டு வேக்குவம் கிளீனரைச் சந்தைக்குக் கொண்டுவர முடியாது. 2017 செப்டம்பரில் அந்த வரம்பை 900 வாட்டுக்கு இறக்கினார்கள். அங்கே இருப்பவர்கள் தூசியோடா வாழ்கிறார்கள்? விசிறியின் இறக்கையை, குழாயின் வளைவை, தரையில் படும் முனையைச் சரியாக வடிவமைத்தால் 900 வாட்டிலும் நன்றாக இழுக்கும். வடிவமைப்பு மோசமாக இருந்தால் 2000 வாட்டும் வெப்பமாகவும் இரைச்சலாகவும் போய்விடும்.

இன்னொரு விஷயம். 2000 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் 8.7 ஆம்பியர் வருகிறது. உங்கள் படுக்கையறையில் கட்டில் பக்கத்தில் இருப்பது பெரும்பாலும் 6 ஆம்பியர் சாக்கெட்டாகத்தான் இருக்கும். அதில் மாட்டக் கூடாது. 16 ஆம்பியர் சாக்கெட் ஏசிக்கோ கீசருக்கோ மட்டும் இருக்கும். 1200 வாட் இயந்திரம் என்றால் 5.2 ஆம்பியர், சாதாரண சாக்கெட்டே போதும். கடையில் இதை ஒருவரும் சொல்ல மாட்டார்கள்.

நீங்கள் பார்க்க வேண்டியது காற்று போகும் வழியை. முனை, குழாய், தூசி சேரும் இடம், மோட்டாருக்கு முன்னால் ஒரு வடிகட்டி, விசிறி, கடைசியில் வெளியேறும் இடத்தில் ஒரு வடிகட்டி. இந்த வழியில் எங்கே அடைப்பு, எங்கே ஓட்டை என்பதுதான் எல்லாம். போன வாரம் ஒருவர் இயந்திரத்தைக் கொண்டுவந்து, "மோட்டார் செத்துவிட்டது, இழுக்கவே இல்லை, ஆனால் கீச்சென்று கத்துகிறது" என்றார். அந்தக் கீச்சொலியிலேயே நோய் தெரிந்துவிட்டது. காற்று வராவிட்டால் விசிறிக்குத் தள்ளுவதற்கு ஒன்றும் இருக்காது. பாரம் குறைந்து மோட்டார் இன்னும் வேகமாகச் சுற்றும், குரல் உயரும். குழாயைக் கழற்றி நேராகத் தூக்கிப் பிடித்து, மேல்முனையில் ஒரு கோலிக்குண்டைப் போட்டேன். கீழே வரவில்லை. கம்பியை விட்டு இழுத்தால் குழந்தையின் காலுறை ஒன்று, அதைச் சுற்றி முடி, அதற்கும் மேலே பஞ்சு. மோட்டாருக்கு ஒன்றுமே ஆகவில்லை. ஆனால் அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தால் எரிந்திருக்கும். ஏனென்றால் இந்த வகையில் மோட்டாரைக் குளிரவைப்பதும் அதே காற்றுதான்.

இயற்பியல் டீச்சர், திருச்சி

பட்டறை ஐயா சொன்னதற்குக் கணக்குப் பக்கத்தை நான் சேர்க்கிறேன்.

தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். வாயைக் கட்டைவிரலால் இறுக்கி அடைத்தால் விரலில் அழுத்தம் நன்றாகத் தெரியும், ஆனால் ஒரு சொட்டும் வராது. விரலை எடுத்தால் தண்ணீர் கொட்டும், அழுத்தம் ஒன்றும் இருக்காது. வேக்குவம் கிளீனரும் அப்படித்தான். பெட்டியில் போட்டிருக்கும் பாஸ்கல் எண் அழுத்தத்தின் அளவு; அது குழாயின் வாயை முழுவதும் அடைத்து அளந்தது. அப்போது காற்றோட்டம் சுழியம். தூசியைத் தூக்கிக்கொண்டு போவதோ ஓடும் காற்று. அடைத்த குழாயில் தூசி நகராது. அந்த இரும்புக் குண்டு வித்தையும் இதுவே: குண்டு வாயை அடைத்துக்கொண்டது, வெளிக்காற்றின் அழுத்தம் அதைத் தாங்கிப் பிடித்தது. உங்கள் மெத்தை குண்டு அல்ல.

உண்மையான வேலைத்திறனுக்கு ஓர் அளவு இருக்கிறது, ஏர்வாட் என்பார்கள். ஓடும் நிலையில் உள்ள அழுத்தக் குறைவைப் பாஸ்கலிலும், காற்றோட்டத்தை நொடிக்கு எத்தனை கன மீட்டர் என்றும் எடுத்துப் பெருக்க வேண்டும். நொடிக்கு 20 லிட்டர், அதாவது 0.02 கன மீட்டர், 10,000 பாஸ்கல் என்றால் 200 ஏர்வாட். வாயை அடைத்தால் காற்றோட்டம் சுழியம், விடை சுழியம். முழுக்கத் திறந்தால் அழுத்தம் சுழியம், அப்போதும் விடை சுழியம். நடுவில் எங்கோ உச்சம் இருக்கிறது. நல்ல நிறுவனங்கள் ஏர்வாட்டையோ, பாஸ்கலோடு காற்றோட்டத்தையும் சேர்த்தோ கொடுப்பார்கள். பாஸ்கலை மட்டும் கொடுத்தால் பாதிப் பதில்தான்.

உறிஞ்சுதல் என்ற சொல்லே நம்மைக் கொஞ்சம் ஏமாற்றுகிறது. உள்ளே இருக்கும் விசிறி தூசியைப் பிடித்து இழுப்பதில்லை. அது உள்ளே அழுத்தத்தைக் குறைக்கிறது, அறையின் காற்று முண்டியடித்து உள்ளே நுழைகிறது, வழியில் இருக்கும் தூசியையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு போகிறது. எனவே முனை மெத்தையோடு எப்படிப் பொருந்துகிறது, ஓரத்தில் காற்று நுழைய இடம் இருக்கிறதா என்பது மோட்டார் அளவுக்கே முக்கியம். முனை துணியைக் கவ்விக்கொண்டு நகர மறுத்தால், கைப்பிடியில் ஒரு சிறு சாளரம் இருக்கும். அதைக் கொஞ்சம் திறந்துவிடுங்கள்.

ஸ்கார்பரோவாசி, டொராண்டோ

இங்கே எங்கள் வீடு முழுக்கக் கம்பளம், ஆகவே என் அனுபவம் உங்களுக்குப் பாதிதான் பொருந்தும். கம்பள இழைக்குள் புதைந்த மண்ணைக் காற்று மட்டும் எடுக்காது. தனி மோட்டாரில் சுழலும் தூரிகை உருளை அடித்துக் கிளப்ப வேண்டும். டைல்ஸ் தரையில் அதே உருளை அரிசியையும் கடுகையும் நாலா பக்கமும் சிதறடிக்கும். அங்கே மென்மையான துணி உருளையோ, உருளையே இல்லாத தட்டை முனையோ போதும். நீண்ட கூந்தல் உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் உருளையில் முடி சுற்றிக்கொள்ளும். மாதம் ஒருமுறை கத்தரித்து எடுக்க வேண்டியிருக்கும். கம்பளம் இல்லாத வீட்டில் அதற்குக் காசு கொடுக்காதீர்கள், சகோதரி.

நிலாவின் அம்மா, வேளச்சேரி

மிக்க நன்றி. வாட்டும் பாஸ்கலும் விளங்கிவிட்டன. எனக்கு முக்கியமான கவலை ஹெப்பாதான். இழுத்த தூசியைப் பின்பக்கம் அறைக்குள்ளேயே ஊதிவிட்டால் குழந்தைக்குப் பெருக்குவதைவிடக் கேடாகிவிடாதா? மூன்று பெட்டிகளிலும் ஹெப்பா என்று இருந்தது. எல்லாம் ஒன்றுதானா?

வடிகட்டிப் பராமரிப்பு, வேலூர்

இல்லை, ஒன்றல்ல. உங்கள் பயம் மிகச் சரியானது. மருத்துவமனை அறுவை அரங்குகளின் காற்று வடிகட்டிகளைப் பராமரிப்பது என் தொழில். இந்த ஒரு கேள்விக்கு மட்டும் விரிவாக எழுத அனுமதியுங்கள்.

ஹெப்பா 1940களில் அமெரிக்க அணுகுண்டுத் திட்டத்தில் கதிரியக்கத் துகள்களைப் பிடிப்பதற்காகப் பிறந்தது. அமெரிக்க வரையறைப்படி 0.3 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துகளில் 99.97 விழுக்காட்டைப் பிடித்தால்தான் அந்தப் பெயர். ஐரோப்பிய வரையறையில் எச்13 என்றால் 99.95 விழுக்காடு, எச்14 என்றால் 99.995. அதற்குக் கீழே ஈ10, ஈ11, ஈ12 என்ற வகைகள். ஈ10 வெறும் 85 விழுக்காடுதான். பெட்டியில் "ஹெப்பா வகை", "ஹெப்பா போன்ற" என்று எழுதியிருந்தால் எதற்கும் கட்டுப்படாத சொல் என்று வைத்துக்கொள்ளுங்கள். எச்13 என்று வடிகட்டியின் ஓரச்சட்டத்திலேயே அச்சிட்டிருக்க வேண்டும்.

0.3 மைக்ரான் என்ன கணக்கு என்று பலர் கேட்பார்கள். வடிகட்டி சல்லடை அல்ல. ஒழுங்கில்லாமல் கிடக்கும் நுண்ணிழைகளின் அடர்ந்த காடு. பெரிய துகள் வளைந்து ஓடும் காற்றோடு திரும்ப முடியாமல் இழையில் மோதி ஒட்டிக்கொள்ளும். மிகச் சிறிய துகளைக் காற்று மூலக்கூறுகள் அங்குமிங்கும் தள்ள, அது தள்ளாடித் தள்ளாடிப் போய் ஏதாவது ஓர் இழையில் ஒட்டும். இரண்டுக்கும் நடுவே, சுமார் 0.3 மைக்ரான் பக்கம் இருப்பதுதான் இரண்டு வழியிலும் தப்பிக்கப் பார்க்கும். அதையே பிடித்தால் மற்றவை இன்னும் எளிது. உங்கள் மகளுக்கு எதிரியான தூசி உண்ணியின் எச்சம் பெரும்பாலும் 10 முதல் 40 மைக்ரான். நல்ல வடிகட்டிக்கு அது யானை.

அப்படியானால் எங்கே தவறு நடக்கிறது? வடிகட்டியில் அல்ல, அதைச் சுற்றி. மூடி சரியாக உட்காராத இயந்திரத்தில் எச்14 போட்டாலும் காற்று எளிய வழியைத் தேடி ஓரத்து இடுக்கில் புகுந்து வெளியே வந்துவிடும். அறுவை அரங்கிலும் நாங்கள் முதலில் பார்ப்பது வடிகட்டியைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டையைத்தான்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். இரவில் விளக்கை அணைத்துவிடுங்கள். இயந்திரத்தைத் துடைத்த மேசை மேல் வையுங்கள். தரையில் வைத்தால் வெளியேறும் காற்று தரைத் தூசியையே கிளப்பிக் குழப்பும். ஒருவர் டார்ச் ஒளியைப் பின்பக்கக் காற்றுக்குக் குறுக்கே பிடிக்கட்டும், இன்னொருவர் ஒரு சிட்டிகை முகப்பவுடரை உறிஞ்சட்டும். ஒளிக்கற்றையில் மினுமினுப்பு பறந்தால் கசிகிறது. மூடியின் ஓரம் முழுக்க டார்ச்சை மெதுவாக நகர்த்திப் பார்த்தால் எந்த இடம் என்பதும் தெரிந்துவிடும்.

அம்பத்தூர் இளங்கோ

எல்லாரும் கம்பியுள்ள பழைய வகையையே சொல்கிறீர்கள். நான் பேட்டரிக் கைத்தடி வகை வைத்திருக்கிறேன். எடுத்தோம், அழுத்தினோம், முடிந்தது. தூசி சேரும் பையும் கிடையாது, டப்பாவைத் தட்டிவிட்டால் போதும். பை விற்றே பிழைக்கும் நிறுவனங்களின் சூழ்ச்சிதான் பை வகை. சுழற்சி முறைத் தொழில்நுட்பம் வந்து முப்பது வருடம் ஆகிவிட்டது.

மோட்டார் பட்டறை, கோவை

தம்பி, உங்கள் வீட்டுக்கு அது சரியாக இருக்கலாம். இந்த அம்மாவின் தேவை வேறு. முதலில் பேட்டரிக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பல கைத்தடி வகைகளைப் பிரித்தால் உள்ளே ஏழு லித்தியம் செல்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றும் 3.6 வோல்ட், மொத்தம் 25.2 வோல்ட். 2.5 ஆம்பியர்-மணி என்றால் 63 வாட்-மணி. பெட்டியில் போட்ட 25,000 பாஸ்கல் உச்ச வேகத்தில் கிடைப்பது. அப்போது அது 450 வாட் எடுத்தால் எட்டு நிமிடம் சொச்சம் ஓடும். 40 நிமிடம் ஓடும் என்று எழுதியிருப்பது குறைந்த வேகத்தில். இரண்டு எண்ணும் ஒரே நேரத்தில் கிடைக்காது. ஒரு மெத்தையின் இரண்டு பக்கத்தையும் பொறுமையாகச் செய்யவே பதினைந்து நிமிடம் வேண்டும்.

சூடும் லித்தியத்துக்கு ஆகாது. சித்திரை வெயிலில் மேற்குச் சுவரில் மாட்டி எந்நேரமும் சார்ஜில் வைத்திருக்கும் செல்கள் சீக்கிரம் கிழடு தட்டிவிடும். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: இந்த வகையில் வரும் கார்பன் பிரஷ் இல்லாத மோட்டார் அருமையானது. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் ஓடுபவை இருக்கின்றன, தேய்வதற்கு கார்பனே இல்லை. கம்பியுள்ள வகையில் கார்பன் தேயும், நாங்கள் மாற்றித்தர வேண்டியிருக்கும். என் பிழைப்பு அதில் இருக்கிறது என்றாலும் உண்மையைச் சொல்ல வேண்டும் அல்லவா.

அம்பத்தூர் இளங்கோ

பேட்டரி சரி, ஒப்புக்கொள்கிறேன் அண்ணா. பை?

இயற்பியல் டீச்சர், திருச்சி

பையில்லாத வகையின் கதை மதிப்புக்குரியது, அதைச் சூழ்ச்சி அரசியலில் தொலைக்க வேண்டாம். பிரிட்டனைச் சேர்ந்த கண்டுபிடிப்பாளர் ஜேம்ஸ் டைசன் மர ஆலைகளில் மரத்தூளைப் பிரிக்கும் பெரிய கூம்பைப் பார்த்து, அதை வீட்டு இயந்திரத்துக்குள் சுருக்க முயன்றார். 5,127 மாதிரிகள் செய்தார். பை நிரம்ப நிரம்ப அதன் நுண்துளைகள் அடைபட்டு இழுவை குறைகிறது என்பதுதான் அவருடைய கோபம். கூம்புக்குள் காற்று வேகமாகச் சுழலும்போது கனமான துகள் சுவரில் ஒதுங்கிக் கீழே விழுகிறது. கூம்பின் ஆரம் குறையக் குறைய அதே வேகத்தில் வெளித்தள்ளும் விசை கூடும். அதனால்தான் நல்ல இயந்திரங்களில் ஒரு பெரிய கூம்புக்குப் பதில் பல சின்னக் கூம்புகள் கொத்தாக இருக்கின்றன.

ஆனால் இரண்டு விஷயம். ஒன்று, மிக நுண்ணிய தூசி எந்தக் கூம்பிலும் முழுக்கப் பிரியாது; அது பின்னால் உள்ள வடிகட்டிக்குத்தான் போகும். இரண்டு, மலிவு விலையில் "சுழற்சி" என்று விற்பவற்றில் பல, வெறும் டப்பாவும் அதன் நடுவில் ஒரு வலையும்தான்.

ஐரோப்பாவில் நடந்த தரமுத்திரை விவகாரம் ஒன்றும் இதோடு சேர்ந்ததே. வேக்குவம் கிளீனர்களுக்கு ஆற்றல் முத்திரை ஒட்டும் விதியை டைசன் நிறுவனம் நீதிமன்றத்தில் எதிர்த்தது. தூசி சேரும் இடம் காலியாக இருக்கும்போது சோதித்துத் தரம் கொடுப்பது மக்கள் வீட்டில் பயன்படுத்தும் நிலையைக் காட்டாது என்பது வாதம். 2018 நவம்பரில் நீதிமன்றம் அதை ஏற்று முத்திரை விதியை ரத்து செய்தது. பட்டறை ஐயா சொன்ன 900 வாட் வரம்பு வேறு விதி, அது அப்படியே இருக்கிறது. கடையில் நீங்கள் பார்ப்பதும் காலி இயந்திரத்தைத்தான் என்பதை மறக்க வேண்டாம்.

காரைக்குடி ஆச்சி வீடு

பையில்லாத வகையில் நான் பட்டதைச் சொல்கிறேன். பொங்கலுக்கு முற்றத்தில் போட்ட பெரிய கோலம் காய்ந்து பறந்து வீட்டுக்குள் வந்துவிட்டது. கோலப்பொடிதானே என்று வேக்குவம் கிளீனரை வைத்து எடுத்தேன். ஐந்து நிமிடத்தில் இழுவை நின்றுபோனது. வடிகட்டியைக் கழற்றினால் மடிப்புக்குள்ளெல்லாம் சுண்ணாம்பு பூசினாற்போல் வெள்ளை. தட்டினேன், கழுவினேன், அரை ஈரத்தில் மாட்டினேன். அப்புறம் ஒரு வாரம் வீடு முழுக்க ஈரத்துணி வாடை. கோலப்பொடி, சிமெண்ட், சுவர்ப்பட்டி தேய்த்த தூசி, பிரிண்டர் டோனர் இவற்றைச் சாதாரண இயந்திரத்துக்குக் காட்டவே கூடாது என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

வடிகட்டிப் பராமரிப்பு, வேலூர்

ஆச்சி, கழுவக்கூடிய வடிகட்டி என்றால் 24 மணி நேரம் நிழலில் முழுக்கக் காயவேண்டும். மழைக்காலத்தில் அதற்கு மேலும் ஆகும். கண்ணாடியிழை வடிகட்டியைக் கழுவவே கூடாது, இழை கிழிந்துவிடும். கையேட்டில் எந்த வகை என்று இருக்கும்.

பை விஷயத்தில் என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். இளைப்பு உள்ள குழந்தை இருக்கும் வீட்டுக்குப் பைதான். டப்பாவைக் கவிழ்க்கும் அந்த ஒரு நொடியில், வாரம் முழுக்கப் பிடித்த தூசி முகத்துக்கு நேராகப் பறக்கிறது. இப்போது வரும் நெய்யாத துணிப் பைகள் பழைய காகிதப் பை அல்ல. பல அடுக்குகள், மின்னேற்றம் பெற்ற இழைகள். பையே பெரும்பகுதித் தூசியைப் பிடித்துவிடுவதால் எச்13 வடிகட்டிக்கு வேலை குறைந்து அது நீண்ட நாள் உழைக்கும். வாயில் மூடியுள்ள பையாக வாங்கினால், கழற்றும்போதே மூடிவிட்டுக் குப்பையில் போடலாம். எனக்கு ஒரு பை 180 ரூபாய், ஒன்றரை மாதம் வருகிறது. இன்ஹேலரின் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மடிப்பாக்கம் மூன்றாம் மாடி

ரோபோவைப் பற்றி ஒருவரும் எழுதவில்லையே. ஒன்றரை வருடமாக வைத்திருக்கிறேன். தலையில் சுழலும் லேசர் சுவர்களின் தூரத்தை அளந்து வீட்டின் வரைபடத்தை எழுதிக்கொள்கிறது; 2002-இல் வந்த முதல் ரூம்பா ரோபோ போல முட்டி மோதித் திரும்புவதில்லை. தினமும் தரையில் படியும் தூசியை எடுக்க நல்ல துணை. ஆனால் எங்கள் பூஜையறை நிலைப்படி உயரம், அதை ஏறாது. கால்மிதியின் குஞ்சத்தை விழுங்கிவிட்டுக் கத்தும். மெத்தை மேல் ஏறவே ஏறாது. உங்கள் தேவைக்கு ரோபோ இரண்டாவது வாங்கும் பொருள், முதலாவது அல்ல.

சிவில் தச்சு வேலை, மதுரை

ஈரமும் உலர்வும் எடுக்கும் வகையைப் பற்றி ஒரு வார்த்தை. சமையலறையில் தண்ணீர் கொட்டியபோது, வீட்டிலிருந்த சாதாரண உலர் வேக்குவம் கிளீனரை வைத்து எடுக்கப் போய் மோட்டாரை எரித்துவிட்டான் என் மகன். உலர் வகையில் இழுத்த காற்று மோட்டாருக்குள்ளேயே புகுந்து வெளியே வரும். ஈரம் எடுக்கும் வகையில் மோட்டாரைக் குளிரவைக்கத் தனி விசிறியும் தனிக் காற்று வழியும் இருக்கும், தொட்டி நிரம்பினால் மிதவை மேலேறி வாயை அடைக்கும். வேலைத்தளத்துக்கு நான் அதைத்தான் வைத்திருக்கிறேன். படுக்கையறைக்கு அது தேவையில்லை. இரைச்சல் காதைப் பிளக்கும்.

செவிலியர், தஞ்சாவூர்

நிலாவின் அம்மாவுக்கு: எந்த இயந்திரம் வாங்கினாலும் அது பாதி வேலைதான் செய்யும் என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். நெஞ்சகப் பிரிவில் பல வருடம் வேலை பார்த்திருக்கிறேன்.

தூசி உண்ணி தண்ணீர் குடிப்பதில்லை. காற்றின் ஈரத்திலிருந்தே தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும். அதனால்தான் கடலோரச் சென்னை அதற்குச் சொர்க்கம். உயிருள்ள உண்ணி நூலிழையைக் காலால் இறுகப் பற்றிக்கொள்ளும், வேக்குவம் கிளீனர் எல்லாவற்றையும் பிடுங்கிவிடாது. அதன் எச்சத்தையும், அதற்கு உணவான நம் தோல் துகளையும்தான் பெருமளவு எடுக்கும். ஒவ்வாமை தருவது அந்த எச்சம் என்பதால் எடுப்பது பயனுள்ளதே. கூடவே படுக்கை விரிப்பு, தலையணை உறையை வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். மெத்தைக்கும் தலையணைக்கும் ஜிப் வைத்து முழுக்க மூடும், உண்ணி புகாத உறை போடுங்கள்.

புற ஊதா விளக்கு வைத்த மெத்தை இயந்திரம் என்று விற்பார்கள். அந்த ஒளி துணிக்குள் இறங்காது, ஓர் இடத்தில் நிற்கும் நேரமும் நொடிக் கணக்குதான். அதற்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். சுத்தம் செய்யும்போதும் அதற்குப் பிறகு அரை மணி நேரமும் குழந்தை அந்த அறையில் இருக்கக் கூடாது. மருந்தை மருத்துவர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள்.

மோட்டார் பட்டறை, கோவை

நல்ல வார்த்தை. அம்மா, கடைக்குத் திரும்பப் போகும்போது ஒரு பொட்டலம் ரவை எடுத்துப் போங்கள். கடையில் இருக்கும் துணி சோபாவிலோ மிதியடியிலோ தூவி, கையால் நன்றாகத் தேய்த்து உள்ளே இறக்கிவிட்டு எடுக்கச் சொல்லுங்கள். இரும்புக் குண்டைவிட ரவை உண்மை பேசும். குழாயைக் காதருகே வைத்து, இயந்திரம் ஓடும்போது இணைப்புகளில் சீறல் கேட்கிறதா என்றும் பாருங்கள். பை, வடிகட்டி இரண்டும் உங்கள் ஊரில் தனியாகக் கிடைக்குமா என்று கேட்காமல் பணம் கட்டாதீர்கள். உதிரிப்பாகம் கிடைக்காமல் நல்ல மோட்டாரோடு காயலான் கடைக்குப் போன இயந்திரங்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

இயற்பியல் டீச்சர், திருச்சி

ரவையோடு ஒரு கைக்குட்டையும். 1901-இல் லண்டனில் ஹியூபர்ட் செசில் பூத் என்ற பொறியாளர், தூசியை ஊதி அகற்றும் இயந்திரம் ஒன்றைப் பார்த்துவிட்டு, ஏன் உறிஞ்சக் கூடாது என்று யோசித்தார். உணவகத்து நாற்காலியின் மெத்தை மேல் கைக்குட்டையை விரித்து வாயை வைத்து உறிஞ்சிப் பார்த்தார். துணியின் அடிப்பக்கம் தூசி வட்டமாக ஒட்டியிருந்தது. வேக்குவம் கிளீனர் பிறந்தது அப்படித்தான். ஆறு வருடம் கழித்து அமெரிக்காவில், ஒஹாயோ மாநிலத்துக் கான்டன் ஊரில், ஜேம்ஸ் முரே ஸ்பாங்கிளர் என்ற துப்புரவுப் பணியாளர், விசிறி மோட்டாரையும் துடைப்பக் கம்பையும் தலையணை உறையையும் சேர்த்துக் கையில் தூக்கக்கூடிய ஒன்றைச் செய்தார். கம்பளம் பெருக்கும் தூசியில் அவருக்கு ஆஸ்துமா. 1908-இல் காப்புரிமை பெற்று, ஹூவர் குடும்பத்துக்கு விற்றார். நிலாவைப் போல மூச்சுக்குத் தவித்த ஒருவர் செய்த கருவி இது என்பதை அவளிடம் சொல்லுங்கள்.

நிலாவின் அம்மா, வேளச்சேரி

பன்னிரண்டு நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். வாங்கிவிட்டேன்.

இரண்டு கடைகளில் ரவையைத் தூவினேன். 2000 வாட் இயந்திரம் மேலே கிடந்ததை எடுத்தது, நெசவுக்குள் இறங்கியதை விட்டுவிட்டது. நான் எடுத்தது 1200 வாட், பை வகை, பின்பக்க வடிகட்டியின் சட்டத்தில் எச்13 என்று அச்சு இருக்கிறது, மூடியைச் சுற்றி ரப்பர் பட்டை. ஐந்து பைகள் கூடவே வாங்கினேன். வீட்டில் டார்ச் சோதனையும் செய்தோம். என் கணவர் பவுடரை உறிஞ்ச, நான் ஒளியைப் பிடித்தேன். ஒளிக்கற்றை தெளிவாக இருந்தது.

முதல் சனிக்கிழமை நிலாவைப் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டு மெத்தையைத் தொடங்கினேன். டீச்சர் சொன்ன கைக்குட்டையைக் குழாய்க்கும் கைப்பிடிக்கும் நடுவே வைத்து, தலைமாட்டுப் பக்கம் ஒரு நிமிடம் மட்டும் ஓட்டினேன். எடுத்துப் பார்த்தால் வெள்ளைத் துணியில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குச் சாம்பல் நிற வட்டம், தொட்டால் மாவு போல் நழுவுகிறது. வெளியில் அடித்து, வெயிலில் காயவைத்து, சுத்தம் என்று நினைத்துக் குழந்தையைப் படுக்கவைத்த மெத்தை. அப்படியே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

உறைகளும் போட்டாகிவிட்டது. வெந்நீர்த் துவையலும் நடக்கிறது. ஒரு கேள்வி: பை எப்போது மாற்ற வேண்டும்? காட்டும் விளக்கு இந்த இயந்திரத்தில் இல்லை.

மோட்டார் பட்டறை, கோவை

முக்கால் பங்கு நிறைந்ததும் மாற்றிவிடுங்கள் அம்மா, முழுக்க நிரம்பக் காத்திருக்க வேண்டாம். நுண்தூசி அதிகமாக எடுத்தால் பை பாதியாக இருக்கும்போதே துளைகள் அடைபடும். விளக்கு இல்லாவிட்டால் என்ன, காதே போதும். புதுப்பை மாட்டிய அன்று அது ஓடும் சத்தத்தை ஒரு நிமிடம் கவனித்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குரல் மெல்ல உயர்ந்து கீச்சிடத் தொடங்கினால், முதலில் கோலிக்குண்டு, அடுத்து பை, அதற்கும் பிறகுதான் வடிகட்டி.